இடது கையால் ஏற்றிய விளக்கு

கழிவறை தேடித்தான் அந்த நூலகத்துக்குள் நுழைந்தேன். மன்ஹாட்டனில் காபி வாங்காமல் போகக்கூடிய கழிவறை எங்கெங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது ஒரு தனிக் கல்வி. அதில் நான் அப்போது நல்ல தேர்ச்சி பெற்றிருந்தேன். ஜெர்சி சிட்டியில் ஜர்னல் ஸ்கொயரில் ரயில் ஏறி, ஆற்றுக்கு அக்கரையில் இறங்கி, கால் போன போக்கில் நடந்துவிட்டு வருவதுதான் என் அன்றாட வேலை. வேறு வேலை எனக்குக் கிடையாது. கணவருடைய விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள் நான். இந்த நாட்டில் இருக்கலாம், செலவு செய்யலாம், சம்பாதிக்கக் கூடாது. சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் நாள் முழுக்கப் படம் வரைந்துகொண்டிருந்த கை, இங்கே வந்து சப்பாத்தி உருட்டிக்கொண்டிருந்தது. அதை நினைத்தால் எனக்குக் கோபம் வரும். இப்போதும் வருகிறது.

கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு கூடம். சுவர் நெடுகச் சின்னச் சின்னப் படங்கள். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் அச்சடித்து விற்ற அரசியல் கேலிச்சித்திரங்கள் என்று பலகையில் எழுதியிருந்தது. பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகம் மாதிரி இருக்கும் என்று நினைத்து அலட்சியமாகப் பார்த்தேன். முதல் படத்தில் தொந்தி பெருத்த ஒரு ராஜா வாயில் பாதி கோழியோடு உட்கார்ந்திருந்தார். அடுத்ததில் ஈர்க்குச்சி மாதிரி ஒரு அமைச்சர், மூக்கு மட்டும் முழம் நீளம். அதற்கடுத்த படத்தில் ஒரு மந்திரி மாளிகை வாசலில் கால்களை அகட்டி நிற்கிறார். கால்சட்டை இறங்கிக் கிடக்கிறது. பதவி வேண்டியவர்கள் எல்லாம் வரிசையாக வந்து அவருடைய பிரமாண்டமான பின்பக்கத்துக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். காவலர் திரும்பிப் பார்த்தார். அவருக்கு என்ன தெரியும். அந்த வரிசையில் எனக்குத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். என் கணவரும் நின்றார். அந்தச் சிரிப்பில் போன வேலையையே மறந்துவிட்டேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மறக்கவில்லை. போய்விட்டுத் திரும்பி வந்து, எல்லாப் படத்தையும் மறுபடி முதலிலிருந்து பார்த்தேன்.

என் கணவர் ஏன் அந்த வரிசையில் நின்றார் என்று சொல்லிவிடுகிறேன். அவர் ஒரு பெரிய வங்கியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தார், ஆனால் வங்கியின் ஆள் இல்லை. இடையில் ஆள் அனுப்பும் ஒரு கன்சல்டன்சி. அதன் முதலாளிதான் எங்கள் வட்டாரத் தமிழ்ச் சங்கத்துக்குத் தலைவர். என் கணவரின் விசாவும் அவர் கையில், கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டியவரும் அவர். "இந்த வருஷம் ஃபைல் பண்ணிடலாம்" என்று வருஷா வருஷம் சொல்வார். அவர் விண்ணப்பித்து, அதில் ஒரு கட்டம் தாண்டினால்தான் எனக்கும் வேலை பார்க்க அனுமதி கேட்க முடியும். ஆகவே என் கணவர் சங்க விழாக்களில் நாற்காலி தூக்கினார், சாம்பார் வாளி தூக்கினார், தலைவரின் மாமியாரை ஏர்போர்ட்டில் போய் அழைத்து வந்தார். நானும் கோலம் போட்டேன், கொழுக்கட்டை பிடித்தேன். யாரும் எங்களை வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாமலே எல்லாம் நடந்தது, அதுதான் அதன் அழகு.

அந்த நூலகத்தில் ஒரு வசதி உண்டு. முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால், கையைக் கழுவச் சொல்லி, பேனாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, பென்சில் மட்டும் கொடுத்து, அசல் படங்களையே மேஜையில் கொண்டுவந்து வைப்பார்கள். நான் யார், என்ன படித்தேன், எந்த விசா என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க வாரம் ஒரு நாளாவது அங்கே போனேன். அந்த அறையில் உட்கார்ந்திருந்த நேரத்தில் மட்டும்தான் நான் யாரோ ஒருவருடைய மனைவி என்பது எனக்கு மறந்துபோகும்.

படித்ததில் எனக்குப் பிடித்துப்போன விஷயங்கள் சில உண்டு. இந்தப் படங்களை அந்தக் காலத்தில் கடையின் ஜன்னல் கண்ணாடியில் வரிசையாக ஒட்டி வைப்பார்கள். காசு இருப்பவன் உள்ளே போய் வாங்குவான். இல்லாதவன் தெருவில் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போவான். அப்படி ஜன்னல் முன் கூட்டம் நிற்பதையே படமாக வரைந்தும் விற்றிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு ஓட்டுரிமை கிடையாது, அரசாங்கத்தில் அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை. ஆனால் ராஜாவின் தொந்தியைப் பார்த்துச் சிரிப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. கேலி செய்யப்பட்ட பெரிய மனிதர்களே ஆள் அனுப்பித் தங்கள் படத்தை வாங்கி வரச் சொன்னதும் உண்டு. அப்படிப்பட்ட கடைகளில் சிலவற்றைப் பெண்கள் நடத்தினார்கள். ஒருத்தி தானே செப்புத் தகட்டில் கீறி, தானே அச்சிட்டு, தானே விற்றிருக்கிறாள். அவளைப் பற்றிப் படித்த அன்று, ரயிலில் திரும்பி வரும்போது என் வலது கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

அந்தச் சமயத்தில்தான் சங்கத்தின் பொங்கல் விழா வந்தது. வாடகைக்கு எடுத்த ஹைஸ்கூல் அரங்கம். மேடையில் இருந்தவர்களுக்கும் கீழே இருந்தவர்களுக்கும் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. தலைவர் குத்துவிளக்கு ஏற்றினார். பிறகு பொன்னாடை போர்த்தும் படலம். அது முடிவதற்குள் தட்டில் இருந்த பொங்கல் கல்லாகிவிட்டது.

எங்கள் சங்கத்தின் பொன்னாடை வழக்கத்தை இங்கே விளக்கியாக வேண்டும். நல்ல ஜரிகை போட்ட பொன்னாடைகள் சென்னையிலிருந்து வர வேண்டும், எளிதில் வராது. வந்தவற்றில் முக்கால்வாசி தலைவருக்கே போர்த்தப்படும். ஒவ்வொரு குழுவும் தனித்தனியாக அவரைக் கௌரவிக்கும். மீதி எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு பொன்னாடை. அதை ஒருவருக்குப் போர்த்துவார்கள், கைதட்டுவோம், படம் எடுப்போம். அவர் திரைக்குப் பின்னால் போனதும் அதை உருவி, மடித்து, மறுபக்கமாக மேடைக்கு அனுப்பிவிடுவார்கள். அடுத்தவருக்கு அதே பொன்னாடை. உள்ளூர்க்காரர்களுக்கு இது தெரியும், தாங்களே கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். வெளியூர் விருந்தினர்தான் சிக்கல். "சார், குடுங்க, நல்லா பேக் பண்ணித் தரேன்" என்று பணிவாகச் சொல்லி வாங்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். பேக் செய்து தருவதெல்லாம் கிடையாது. அந்த ஆள் என் கணவர். அன்றைக்குத் திரையின் இடுக்கு வழியாக அவரைப் பார்த்தேன். பார்வையாளர் கண்ணில் படாமல் இருக்கக் குனிந்தபடி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார்.

எங்கள் பக்கத்தில் பழைய தொழிற்சாலை ஒன்றை ஓவியர்களுக்கான பட்டறையாக மாற்றியிருக்கிறார்கள். அங்கே சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன். முறை அந்தக் காலத்து முறையேதான். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி வரைய வேண்டும். அமிலத்தில் போட்டால் கீறிய இடத்தை மட்டும் அது அரிக்கும். பிறகு மையைத் தடவித் துடைத்து, ஈரக் காகிதத்தை மேலே வைத்து உருளையில் அழுத்தினால் படம். சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும், நான் பொங்கல் மேடையை வரைந்தேன். நாற்காலிக்கு அடித்துக்கொள்ளும் பிரமுகர்கள், கீழே கொட்டாவி விடும் நாலு பேர். நடுவில் தலைவர் விளக்கேற்றுகிறார். அவர் மேல் பொன்னாடைக்கு மேல் பொன்னாடையாக மலை குவிந்து, மூக்கும் ஒரு கையும் மட்டும்தான் வெளியே தெரிகின்றன. திரைக்குப் பின்னால் ஒரு சின்ன மனிதன் குனிந்து நின்று, ஒரே பொன்னாடையை வாங்கி வாங்கி அனுப்பிக்கொண்டிருக்கிறான்.

தகட்டில் வரைவது அச்சில் இடம் வலமாகத் திரும்பி வரும். அது எனக்கு நன்றாகத் தெரியும். மேடைக்கு மேலே கட்டியிருந்த 'தமிழர் திருநாள்' பதாகையின் எழுத்துகளையும் ஓரத்தில் என் பெயரையும் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து இடவலம் திருப்பி எழுதினேன். எழுத்துகள் அச்சில் அழகாக நேராக வந்தன. அந்தப் பெருமையில் மற்றதை எல்லாம் மறந்துவிட்டேன்.

படத்தை விற்க முடியாது, விற்றால் அது சம்பாத்தியம். அதனால் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஆன்ட்டியிடம் சும்மா கொண்டுபோய்க் கொடுத்தேன். கோயம்புத்தூர்க்காரர். இட்லி மாவு, கறிவேப்பிலை, வெள்ளிக்கிழமை மல்லிகைப்பூ எல்லாம் அவரிடம்தான் கிடைக்கும். அவர் கடை ஜன்னலில் பேஸ்மென்ட் வாடகைக்கு, பரதநாட்டிய வகுப்பு, டாக்ஸ் ஃபைலிங் என்று ஆயிரம் அறிவிப்புகள் தொங்கும். படத்தைப் பார்த்ததும் கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் கேட்காமலே டாக்ஸ் ஃபைலிங்கைப் பிய்த்துவிட்டு அந்த இடத்தில் ஒட்டினார். ஒட்டி முடித்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தவர், "ஏங் கண்ணு, வெளக்கை எதுக்கு எடதுகைல பத்த வெக்கறாரு?" என்று கேட்டார்.

அப்போதுதான் பார்த்தேன். நான் வலது கையில்தான் வரைந்திருந்தேன், அச்சு அதை இடது கையாக்கிவிட்டது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், எனக்குச் சறுக்கினால் என்ன. ஒட்டியது ஒட்டியதாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வார இறுதியில் மாவு வாங்க வந்தவர்கள் எல்லாம் ஜன்னல் முன்னால் நின்றார்கள். ஒருவர் தன் மனைவியைக் கூப்பிட்டார், மனைவி பக்கத்துக் கடையில் நின்ற தங்கையைக் கூப்பிட்டாள். தெருவோரம் நின்று அதைப் பார்த்தேன். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது என்று சொல்ல வெட்கமில்லை. இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் நான் செய்த ஒரு காரியம் நாலு பேரைச் சிரிக்க வைத்தது.

மறுநாள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் செயற்குழு ஒரு கண்டனம் போட்டது. 'கீழ்க்காணும் படத்தை யாரும் பகிர வேண்டாம்' என்று எழுதி, கீழே படத்தையும் இணைத்திருந்தார்கள். கடைக்கே வராதவர்களும் பார்த்தார்கள். எடிசனில் இருப்பவர்கள் பார்த்தார்கள், நாட்டின் மறுகோடியில் சான் ரமோனில் இருக்கும் என் நாத்தனார் பார்த்துவிட்டு எனக்கே திருப்பி அனுப்பினாள். கண்டனம் முழுக்க அந்த இடது கையைப் பற்றித்தான். மங்கல விளக்கை இடது கையால் ஏற்றுவதாக வரைந்து நம் பண்பாட்டையே இழிவுபடுத்திவிட்டேனாம். சாமி குத்தம் என்று ஒருவர், அபசகுனம் என்று ஒருவர், இளைய தலைமுறைக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்று ஒருவர். பொன்னாடையைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அது உண்மையா பொய்யா என்ற பேச்சு வருமே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தலைவரே வீட்டுக்கு வந்தார். பழமும் ஸ்வீட் பெட்டியும் கொண்டுவந்தார். சோபாவில் உட்கார்ந்து, என் காபியைப் பாராட்டி, ஊரில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்தார். கோபம் என்பதே அவர் முகத்தில் இல்லை. அதுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது.

"இங்க பாரும்மா, நீ நல்லா வரையற. எனக்கு ஹ்யூமர் சென்ஸ் உண்டு, நான் தப்பா எடுத்துக்கல," என்றார். "ஆனா விளக்குங்கறது சென்டிமென்ட். சித்திரை விழா மேடையில வந்து, தப்பு நடந்துபோச்சு, ஸாரின்னு ஒரு வார்த்தை சொல்லிடு. உனக்கும் ஒரு பொன்னாடை போட்டு, சங்கத்தோட ஆஸ்தான ஓவியர்னு அனௌன்ஸ் பண்ணிடறோம். மேட்டர் க்ளோஸ்."

பிறகு என் கணவர் பக்கம் திரும்பி, அவருடைய கிரீன் கார்டு ஃபைலை இந்த மாதமே லாயரிடம் அனுப்பிவிடலாம் என்று இருப்பதாகச் சொன்னார். மிரட்டவில்லை. பழத்தோடு சேர்த்து அதையும் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார், அவ்வளவுதான்.

நூலகத்தில் இதையும் படித்திருந்தேன். அந்த லண்டன் ஓவியர்களில் சிலருக்கு அரசாங்கமே ரகசியமாக உதவித்தொகை கொடுத்து வந்திருக்கிறது. கொடுத்த பிறகு ஊசி எதிர்க்கட்சிக்காரர்கள் பக்கம் மட்டும்தான் கீறியது. படம் வெளிவராமல் இருக்கப் பணம் கொடுத்துத் தகட்டையே வாங்கிக்கொண்ட அரச குடும்பத்தார் உண்டு. அதைப் படித்தபோது, என்ன ஓவியர்கள் இவர்கள் என்று முகம் சுளித்தேன். இப்போது மேஜையில் இருந்த ஆப்பிளைப் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தைதானே, அச்சில் கை மாறியது நிஜமாகவே தப்புதானே என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் எனக்கு வேலை கிடைக்கும் வழி திறக்கும். என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

என் கணவர் எழுந்தார். கோப்பைகளைக் கழுவி வைத்தார். பிறகு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்தத் திரைக்குப் பின்னாடி நிக்கறது நான்தானே?"

"ஆமா."

"இவ்வளவு குனிஞ்சா நிக்கறேன்?"

இல்லை, அது யாரோ ஒரு ஆள், வெறும் கற்பனை என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் வரவில்லை. "இதைவிடக் குனிஞ்சிருந்தீங்க. நான்தான் கொஞ்சம் நிமிர்த்தி வரைஞ்சேன்," என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் குனியறது எனக்காக மட்டுமா? உனக்கு வேலை கெடைக்கணும்னுதான் குனியறேன். நீ அந்த ரயில்ல போயிட்டு போயிட்டு வர்றதை என்னால பார்க்க முடியல," என்றார். என் நெஞ்சில் ஊசி ஏறியது மாதிரி இருந்தது. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அவரைத்தான் என் படம் மிகவும் காயப்படுத்தியிருந்தது, தலைவரை இல்லை. அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை என்று சொல்ல நினைத்தேன். ஆனால் கொஞ்சம் இருந்தது, அதனால் சொல்லவில்லை.

அன்று இரவு முழுக்க யோசித்தேன். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம். எங்கள் மடியில் கனம் இருந்தது, அந்த ஃபைல். அது இருக்கும்வரை அவர் குனிவார், நான் சும்மா இருப்பேன், தலைவர் வருஷா வருஷம் 'இந்த வருஷம்' என்பார். மன்னிப்புக் கேட்டால் மட்டும் கனம் இறங்கிவிடுமா? அடுத்த விழாவுக்கு அவர் இன்னும் கொஞ்சம் குனிய வேண்டும், பக்கத்தில் ஆஸ்தான ஓவியராக நானும் நிற்க வேண்டும்.

மறுநாள் காலையில் அவர் கேட்டார், என்ன செய்யப்போகிறாய் என்று. தப்பைத் திருத்தப்போகிறேன் என்றேன். அவர் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவை நானே கெடுக்க வேண்டியிருந்தது. கையை மட்டும்தான் திருத்தப்போகிறேன் என்று சொன்னேன். அவர் லாப்டாப்பைத் திறந்துகொண்டார்.

புதுத் தகடு எடுத்தேன். இம்முறை தலைவருக்குத் தகட்டில் இடது கையை வரைந்தேன், அச்சில் சுத்தமாக வலது கையாக வந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? பொன்னாடைகளை அவர் மூக்கும் மறையும்வரை ஏற்றினேன். விளக்குக்குப் பக்கத்தில் ஒரு பழக்கூடை, ஒரு ஸ்வீட் பெட்டி. அவற்றின் முன்னால் ஒருத்தி கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், பொன்னாடைக்காக. அது நான். மற்றவர்களை வரைந்துவிட்டு என்னை விட்டுவிட்டால் அது அழுகுணி ஆட்டம். திரைக்குப் பின்னால் இருந்த மனிதனை எடுத்துவிடலாமா என்று ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எடுத்தால் பொன்னாடை தானாகப் பறந்து போவதாக ஆகிவிடும். யாரோ ஒருவர் முதுகில்தான் அந்த மேடை நிற்கிறது. அவரை அங்கேயே, அதே குனிவோடு விட்டேன். வரைந்து முடித்தபோது எனக்கு அழுகையாக வந்தது.

ஆன்ட்டி பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டினார். அவரிடமும் செயற்குழுவிலிருந்து யாரோ வந்து, படத்தை எடுத்துவிடும்படி சொல்லியிருந்தார்களாம். கை தப்பாக இருந்தது, எடுத்துவிட்டேன், இது வேறு படம் என்று அவர் பதில் வைத்திருந்தார்.

"இப்பச் செரியா இருக்குது. வலதுகைலதான் பத்த வெக்கறாரு, இனி ஆரும் கொறை சொல்ல முடியாது," என்று கொத்தமல்லிக் கட்டைத் தண்ணீரில் உதறியபடி சொன்னார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. அதைப் பார்த்து எனக்குத்தான் அடக்க முடியவில்லை.

சித்திரை விழாவுக்கு இருவரும் போனோம். புதுப் படம் ஒட்டியது முந்தின நாள் மாலையில்தான், சங்கத்துக்கு இன்னும் சேதி போகவில்லை. அரங்கத்துக்குள் போனதும் அவர் வழக்கம்போலத் திரைக்குப் பின்னால் போய்விட்டார். பாட்டு, நடனம், நன்றியுரைக்கு முந்தைய உரை எல்லாம் முடிந்து என்னை மேடைக்கு அழைத்தார்கள். தலைவர் பொன்னாடையைப் பிரித்து இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தபடி காத்திருந்தார். மைக்கை என்னிடம் கொடுத்தார்கள்.

"விளக்கை இடது கையால ஏத்தற மாதிரி வந்தது என் தப்பு. அதைத் திருத்திட்டேன். புதுப் படம் கடை ஜன்னல்ல இருக்கு, எல்லாரும் போய்ப் பாருங்க. மத்தது எல்லாம் நான் என் கண்ணால பார்த்தது. அதுக்கு ஸாரி சொல்ல மாட்டேன்," என்றேன். குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது, ஆனால் வந்துவிட்டது.

தலைவர் விரித்த பொன்னாடையோடு நிற்கிறார். மடிக்கவும் முடியாது, கீழே போடவும் முடியாது, போட்டோக்காரர் வேறு குறி பார்த்துக்கொண்டிருந்தார். மேடை மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. போர்த்திவிட்டார். நானும் கும்பிட்டுவிட்டுத் திரைக்குப் பின்னால் போனேன்.

என் கணவர் அங்கே கையை நீட்டிக்கொண்டு நின்றார். வெளியே ஹூஸ்டனிலிருந்து வந்த சிறப்பு விருந்தினரை மைக்கில் அழைத்துக்கொண்டிருந்தார்கள், அடுத்து அவருக்குத்தான் இதே பொன்னாடை. நான் கழற்றிக் கொடுத்தேன். அவர் பழக்கதோஷத்தில் ஒரு மடி மடித்தார், இரண்டாவது மடியில் கை நின்றுவிட்டது. என்னைப் பார்க்கவில்லை, பொன்னாடையையே பார்த்தார். பிறகு அதை உதறிப் பிரித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, "வா, போலாம்," என்றார்.

பக்கவாட்டுக் கதவு வழியாகப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. மேடையின் ஓரப் படியில் இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே இருந்த வழியில் நடந்தார். நான் பின்னால் போனேன். திரும்பிப் பார்த்தபோது ஹூஸ்டன் விருந்தினர் கழுத்தைக் குனிந்து காத்திருந்தார். தலைவர் திரைப்பக்கம் கையை நீட்டி விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. கடைசி வரிசையில் யாரோ முதலில் சிரித்தார்கள். அது அங்கிருந்து மேடைவரை போனது.

இதற்கு என்ன விலை என்று நீங்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன், ஒளித்து வைக்க ஒன்றுமில்லை. அந்த ஃபைல் லாயரிடம் போகவே இல்லை. கோடைகாலத்துக்குள் என் கணவர் வேறு கம்பெனிக்கு மாறினார். கிரீன் கார்டு வேலை அங்கே முதல் படியிலிருந்து தொடங்கியிருக்கிறது. எனக்கு இன்னும் வேலை பார்க்க அனுமதி இல்லை. சங்கம் எங்களை விழாவுக்குக் கூப்பிடுவதில்லை. சான் ரமோன் நாத்தனார், இப்படிச் செய்வதற்கு முன்னால் ஒருமுறை யோசித்திருக்கலாமே என்று போனில் சொல்வாள். யோசித்துத்தான் செய்தோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் தகட்டில் வரைகிறேன், ஆன்ட்டியின் ஜன்னலில் எனக்கென்று ஒரு இடம் இருக்கிறது.

விழா முடிந்த திங்கட்கிழமை காலையில் தலைவரிடமிருந்து என் போனுக்கு அழைப்பு வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாள், என் கணவர் எதிரில்தான் இருந்தார். ஸ்பீக்கரில் போட்டேன். இம்முறை தலைவர் குரலில் மரியாதை இல்லை.

"என்னம்மா, இது உன் வேலைதானே? நீ சொல்லாம அவன் செஞ்சிருக்க மாட்டான். அவனுக்கு ஏது அவ்வளவு தைரியம்," என்றார். மறுபடியும் குழுவில் என்னைக் கண்டித்து எழுதப்போவதாகவும், அவனைப் பாவம் பார்த்து மன்னித்துவிடலாம் என்று நினைப்பதாகவும் சொன்னார்.

மன்னிப்பு என்றதும் நான் என் கணவர் முகத்தைப் பார்த்தேன். ஃபைல் இன்னும் தப்பிக்கலாம், அவர் ஒன்றும் பேசாமல் இருந்தால் போதும். அவர் எழுந்து வந்து என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"சார், சால்வையை எடுத்தது நான். அவ சொல்லி எடுக்கல, நானா எடுத்தேன். திருப்பித் தர மாட்டேன். குரூப்ல எழுதும்போது என் பேரைப் போட்டு எழுதுங்க."